ஈ வளர்த்தோம், அம்மோனியா அளந்தோம்

கடையில் வியாபாரம் படுத்துவிட்டால் ‘ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறான்’ என்று சொல்வது நம் வழக்கம்; நாங்கள் ஈயை ஓட்டாமல் பாட்டிலில் போட்டு வளர்த்து, அதற்கு உதவித்தொகையும் வாங்கினோம். எழுபதுகளின் கடைசியில், மதுரைக்கு மேற்கே இருந்த ஓர் ஆய்வகத்தில் சேர்ந்து ஆறு வருஷம் பழ ஈயோடு குடித்தனம் நடத்தினேன். வாழைப்பழத் தட்டைச் சுற்றுமே, கடுகை விடக் கொஞ்சம் பெரிதாக, சிவப்புக் கண்ணோடு, அதே ஈதான். எதையாவது வளர்த்து, அது செத்து, மறுபடியும் முதலிலிருந்து வளர்த்து வயதைத் தொலைத்தவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதாக இருக்காது. மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெண் பார்க்க வந்தவர்கள்

எங்கள் வீடு கோச்சடையில். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர். நான் ஆய்வில் சேர்ந்த வருஷமே டி. கல்லுப்பட்டியிலிருந்து ஒரு குடும்பம் பெண் பார்க்க வந்தது. மாப்பிள்ளையின் அப்பா ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர். காபியைக் கையில் வைத்துக்கொண்டு, “பாப்பா எதுல ஆராய்ச்சி பண்ணுது?” என்று கேட்டார். அப்பாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. என்னைப் பார்த்தார்.

நான் பொறுமையாகத்தான் சொன்னேன். ஈயின் கருவிலிருந்து எடுத்த செல்களைக் கண்ணாடிக் குப்பியில் ஊட்டநீர் ஊற்றி வளர்க்கிறோம். அந்த ஊட்டநீரில் புரதத்தின் துண்டுகள் பல இருக்கும். அதில் குளூட்டமேட், குளூட்டமின் என்று இரண்டு. குளூட்டமேட்டோடு ஓர் அம்மோனியா ஒட்டினால் குளூட்டமின். அது கழன்றால் மறுபடியும் குளூட்டமேட். ஈயின் செல் இந்த இரண்டையும் எப்படிச் செலவழிக்கிறது, கழிவாக வரும் அம்மோனியாவை என்ன செய்கிறது என்பதை அளந்து பார்ப்பதுதான் என் வேலை. அம்மோனியா செல்லுக்கு விஷம், ஆகையால் அதற்கு ஒரு வழி இருக்க வேண்டும் என்றும் சொன்னேன்.

அவர் கடைசிவரை கேட்டார். காபியைக் கீழே வைத்தார். “அப்ப, ஈயோட மூத்திரத்த அளக்குற வேலைன்னு சொல்லுங்க,” என்றார். அந்தச் சம்பந்தம் அதோடு நின்றது.

சமையல்காரர்

ஈக்களுக்குச் சமைத்துப் போட எங்களிடம் ஒருவர் இருந்தார். பெயர் வேலுச்சாமி. அலங்காநல்லூர்க்காரர், வயது நாற்பத்தைந்து இருக்கும். தினக்கூலியில் பன்னிரண்டு வருஷமாக இருந்தார். ரவை, வெல்லம், ஈஸ்ட், கடற்பாசி எல்லாவற்றையும் அண்டாவில் போட்டுக் கிண்டி, சூடு ஆறுவதற்குள் முந்நூறு பாட்டிலில் ஊற்றிப் பஞ்சு அடைத்துவிடுவார். ஒரு பாட்டிலில்கூட ஓரத்தில் சிந்தியிருக்காது. நாங்கள் ஊற்றினால் பூஞ்சை பிடிக்கும். அவர் ஊற்றினால் பிடிக்காது. காரணத்தை யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஒரு நாள் ரேஷனில் வாங்கிய அரிசியைப் பையோடு வேலைக்குக் கொண்டுவந்திருந்தார். அண்டா கொதிக்கும் நேரத்தில் அதைக் காகிதத்தில் கொட்டி வண்டு பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்றேன். அண்டாவிலிருந்து பாயசம் மாதிரி வாசனை வந்தது.

“பூச்சி திங்கிற அரிசிய எனக்குக் குடுத்துட்டு, பூச்சிக்கு வெல்லம் போட்டுக் கிண்டச் சொல்றீக,” என்றார்.

பாயின் கேள்வி

செல்கள் வளர ஊட்டநீர் மட்டும் போதாது. எங்கள் பாட்டில் ஈக்களை அரைத்த சாறும், பிறக்காத கன்றின் ரத்தத்திலிருந்து பிரித்த சீரமும் கொஞ்சம் கலக்க வேண்டும். சீரம் வெளிநாட்டிலிருந்து வரும். ஒரு முறை வந்த பெட்டி துறைமுகத்தில் முடங்கி, எங்கள் கைக்குக் கிடைத்தபோது ஐஸ் கரைந்து நாறிப்போயிருந்தது. என் வழிகாட்டிப் பேராசிரியரை நாங்கள் சார் என்றுதான் சொல்வோம். அவர் பெட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு, “தொட்டிக்குப் போய்க் கேட்டுப் பாருங்க,” என்றார். தொட்டி என்றால் ஆடுமாடு அறுக்கும் இடம்.

வேலுச்சாமி அண்ணனும் நானும் காலையில் போனோம். அங்கே எருமை அறுக்கும் ஒரு பாய் இருந்தார். நாங்கள் கேட்டதைப் புரிந்துகொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. சினை என்று தெரியாமல் சில சமயம் வந்துவிடும், காத்திருங்கள் என்றார். இரண்டு நாள் காத்திருந்தோம். மூன்றாம் நாள் கிடைத்தது. கன்று முழுதாக இருந்தது. கண் மூடியிருந்தது, குளம்பு இன்னும் வெள்ளையாக, மெழுகு போல. அதன் நெஞ்சில் ஊசியைக் குத்த என்னால் முடியவில்லை. வேலுச்சாமி அண்ணன் என் கையிலிருந்து ஊசியை வாங்கிக்கொண்டார்.

பாய் கையைக் கழுவிவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். “நாங்க திங்கிறதுக்கு அறுக்குறோம். நீங்க எதுக்கும்மா?” என்றார்.

கிணற்றில் இறக்கியது

எங்களிடம் இருந்த செல்கள் எல்லாம் சார் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ஒரே குப்பியின் வாரிசுகள். அவை இருபத்தைந்து டிகிரியில்தான் இருக்கும். மதுரை மே மாதம் உங்களுக்கே தெரியும். அதற்காகக் குளிர்பெட்டி ஒன்று இருந்தது. ஒரு மே மாதம் காலையில் போன கரண்ட் மத்தியானம் வரை வரவில்லை. பெட்டிக்குள் முப்பத்துமூன்றைத் தாண்டிவிட்டது. ஐஸ் வாங்க ஆள் அனுப்பினால் ஐஸ் கம்பெனியிலும் கரண்ட் இல்லை. நான் அழவே ஆரம்பித்துவிட்டேன். இரண்டு வருஷ வேலை அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

வேலுச்சாமி அண்ணன்தான் தன் தூக்குவாளியை எடுத்துச் சோற்றை ஒரு காகிதத்தில் கொட்டினார். வாளியைக் கழுவித் துடைத்து, மூடிய குப்பிகளைத் துணியில் சுற்றி உள்ளே அடுக்கினார். பக்கத்துத் தோட்டத்தில் ஒரு பெரிய கிணறு. கயிற்றில் கட்டித் தண்ணீர் மட்டம் வரை இறக்கி, வாளி பாதி முங்கும்படி நிறுத்திக் கயிற்றைக் கல்லில் கட்டினார். பிறகு கரண்ட் வரும்வரை, மூன்று மணி நேரம், வெயிலில் அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்திருந்தார். பெரும்பாதிச் செல்கள் பிழைத்தன. என் பட்டமும் அன்றைக்குத்தான் பிழைத்தது.

தோட்டக்காரர் வந்து, கிணற்றில் என்ன கிடக்கிறது என்று சத்தம் போட்டார். வேலுச்சாமி அண்ணன் எழுந்திருக்காமலே, “பச்சப்புள்ளய்யா, வெயில் தாங்காது, சத்தம் போடாதீக,” என்றார்.

ஆவி

அப்போது மதுவிலக்கு இருந்தது. எங்கள் அலமாரியில் ஸ்பிரிட் இருந்தது. குளூட்டமேட்டும் குளூட்டமினும் கண்ணுக்குத் தெரியாது. ஒரு தாளில் சொட்டுவைத்துப் பிரியவிட்டு, நின்ஹைட்ரின் என்ற மருந்தை ஸ்பிரிட்டில் கரைத்துத் தெளித்தால் கத்தரிப்பூ நிறத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். எங்கள் விரல்களும் அதே நிறத்தில் இருக்கும். பஸ்ஸில் பக்கத்தில் உட்காரமாட்டார்கள்.

ஒரு மத்தியானம் நான் சாப்பிட்டுவிட்டு வந்தபோது வேலுச்சாமி அண்ணன் ஸ்பிரிட் ஜாடியிலிருந்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் கை நிற்கவில்லை; ஊற்றி முடித்துத்தான் மூடினார். அது முதல் தடவை இல்லை என்று அந்தக் கையைப் பார்த்தே தெரிந்தது. சாரிடம் சொன்னால் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். வீட்டில் மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும். முந்நூறு பாட்டில் ஊற்ற வேறு ஆளும் இல்லை. இதில் எது என் வாயை அடைத்தது என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கிணறு ஞாபகத்துக்கு வந்தது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். பாட்டில்தான் முதலில் ஞாபகத்துக்கு வந்தது.

“உடம்புக்கு ஆகாதுண்ணே,” என்று மட்டும் சொன்னேன்.

“மூடி சரியில்லாட்டி பாதி ஆவியாப் போயிரும்லம்மா. அந்த ஆவி நாந்தேன்னு நெனச்சுக்கங்க,” என்றார்.

சார் பாராட்டியது

நான்காம் வருஷம் ஒரு பதில் கிடைத்தது. ஊட்டநீரில் குளூட்டமினே போடாமல் ஒரு வரிசைக் குப்பிகளை வைத்தேன். குளூட்டமேட் மட்டும் போட்டு, மேலே கொஞ்சம் அம்மோனியாவும் சேர்த்தேன். செத்துவிடும் என்று நினைத்த செல்கள் சாகவில்லை. அம்மோனியா நாளுக்கு நாள் குறைந்தது. தாளில் குளூட்டமினுக்கு உரிய இடத்தில் கத்தரிப்பூப் புள்ளி வந்தது. விஷத்தைக் குளூட்டமேட்டோடு கட்டி, தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொண்டிருந்தது அந்தச் செல். அளவு மீறி அம்மோனியா போட்ட குப்பிகளில் மட்டும் எல்லாம் கருத்து மிதந்தன.

தாளை எடுத்துக்கொண்டு சார் அறைக்கு ஓடினேன். கண்ணாடியைப் போட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “எஸ்தர், இதே மாதிரி இன்னும் அஞ்சு தடவை செஞ்சு கொண்டா, அப்புறம் சந்தோஷப்படலாம்,” என்றார்.

சத்து

அந்த ஐந்து தடவை முடிவதற்குள் வேலுச்சாமி அண்ணன் வேலைக்கு வருவது நின்றுபோனது. கண் மஞ்சளாக இருந்தது, கால் வீங்கியிருந்தது, வயிறு முன்னால் தள்ளியிருந்தது. கை மட்டும் குச்சியாகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து, அலங்காநல்லூர் பஸ் ஏறினேன். அவர் மனைவி பேச்சியம்மாளை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். அண்ணன் மனைவி என்பதால் மதினி என்றேன். அண்ணன் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்து, ஈ பாட்டில் இப்போது யார் ஊற்றுகிறார்கள் என்று கேட்டார்.

உள்ளூர் டாக்டர் நன்றாகச் சாப்பிடச் சொல்லியிருப்பதாக மதினி சொன்னார். நான் இரண்டு டஜன் முட்டை வாங்கிக்கொண்டு போயிருந்தேன். சத்தில்லாமல் கிடக்கிறாரே என்ற நினைப்புதான். “தெனம் ரெண்டு மூணு குடுங்க மதினி, ஆட்டுக்கால் சூப்பும் வச்சுக் குடுங்க,” என்று சொல்லிவிட்டும் வந்தேன். அடுத்த ஞாயிறும் முட்டையோடு போனேன். அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார், ஆனால் பெயர் சொல்லத் தெரியவில்லை. மத்தியானத்தை ராத்திரி என்று நினைத்து விளக்கை அணைக்கச் சொன்னார்.

மதினி என்னை வாசல் வரை கொண்டுவந்து விட்டார். முகம் தெளிவாக இருந்தது. “முன்ன ராவெல்லாம் தூங்கமாட்டாரும்மா. முட்ட குடுக்க ஆரம்பிச்சதுல இருந்து பகல்லயும் கெறங்கித் தூங்குறாரு. சத்து புடிக்குது போல,” என்றார்.

கை நீட்டச் சொன்னது

புதன்கிழமை ரத்த வாந்தி எடுத்ததாகத் தகவல் வந்தது. பெரியாஸ்பத்திரிக்கு ஓடினேன். பயிற்சி டாக்டர் ஒருவர், என்னைவிடச் சின்னவர், கட்டிலருகே நின்று, “ஐயா, ரெண்டு கையையும் நீட்டுங்க,” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் ஒரு வழியாக நீட்டினார். கை மணிக்கட்டில் படபடவென்று அடித்தது, கட்டிப்போட்ட கோழி இறக்கை அடிப்பது போல. இத்தனை வருஷமாக ஒரு சொட்டு சிந்தாத கை.

“ஈரல் போயிருச்சு. புரதத்துல இருந்து வர்ற அம்மோனியாவ அது சுத்தம் பண்ணலை. ரத்தத்துல ஏறி மூளைக்குப் போகுது. அங்க குளூட்டமேட்டோட சேர்ந்து குளூட்டமினா மாறி...” என்று டாக்டர் என்னிடம் ஆங்கிலமும் தமிழுமாகச் சொல்லிக்கொண்டே போனார். படித்த பெண்ணாகத் தெரிகிறாளே என்று விளக்கினார். நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த வார்த்தை எது என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்தது. என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் அது.

அப்புறம் அவர் கேஸ் தாளைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். “ரத்தம் வடிஞ்சதும் சேர்ந்துதான் இப்படி ஆயிருக்கு. ஆனா இந்த நிலமைல முட்டை, சூப்புன்னு குடுத்திருக்கீங்களே, யார் குடுக்கச் சொன்னது?” நான் மதினியைப் பார்த்தேன். மதினி என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. “நாந்தேன் சார் குடுத்தேன். எனக்கு என்ன தெரியும்,” என்றார்.

வராண்டா

அண்ணன் அதற்குப் பிறகு கண் விழிக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் முடிந்தது. உடலைக் கொடுக்கும்வரை நானும் மதினியும் வராண்டாவில் உட்கார்ந்திருந்தோம். அந்த நேரத்தில் அவருக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அம்மோனியா என்றால் என்ன, அது எங்கிருந்து வருகிறது, முட்டையில் என்ன இருக்கிறது என்று சொன்னேன். ஸ்பிரிட் ஜாடியைப் பற்றியும் சொன்னேன். டாக்டர் கேட்டபோது சொல்ல வேண்டியதை இவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர் அழவில்லை. சேலை முந்தியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். “எஸ்தரம்மா ஈக்கு என்னமோ ஒரு வெசத்த அளக்குதுன்னு அவரு சொல்லுவாரு. அது இதுதானா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

“அப்ப ஒரு வார்த்த முந்தியே சொல்லிருக்கலாமேம்மா,” என்றார்.

வைவா

மறுவருஷம் ஆய்வேட்டை முடித்தேன். வைவாவுக்கு, அதாவது வாய்மொழித் தேர்வுக்கு, வடக்கேயிருந்து ஒரு தேர்வாளர் வந்தார். நல்ல மனிதர், கேள்விகளும் நல்ல கேள்விகள். கடைசியில் எல்லோரிடமும் கேட்பதை என்னிடமும் கேட்டார். இந்த ஈச் செல் ஆராய்ச்சியால் மனிதனுக்கு என்ன பயன்? நான் ஆய்வேட்டில் மூன்றாம் அத்தியாயத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் சார் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்பிரிட் விஷயம் அவருக்கு என் மூலம் தெரியவந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. தனக்கும் முன்பே சந்தேகம் உண்டு என்று அன்றைக்கு ஒரே வரியில் சொல்லியிருந்தார்.

நான் திணறுவதாகத் தேர்வாளர் நினைத்துக்கொண்டார். “பரவாயில்லை, அடிப்படை ஆராய்ச்சிக்கு உடனடிப் பயன் இருக்க வேண்டும் என்று அவசியமில்லை,” என்றார்.

புதிய சமையல்காரர்

மதினிக்காகச் சார் நிர்வாகத்துக்கு எழுதிய கடிதங்களுக்கு ஒன்றரை வருஷம் கழித்துப் பலன் கிடைத்தது. அண்ணன் இருந்த இடத்தில் மதினியைத் தினக்கூலிக்கு எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார்கள். எனக்கு அப்போது வெளியூர்க் கல்லூரியில் வேலை கிடைத்திருந்தது. கிளம்புவதற்கு முன் ஒரு வாரம் அவருக்கு அண்டா வேலையைச் சொல்லிக்கொடுத்தேன். ரவை எவ்வளவு, எப்போது ஈஸ்ட், பஞ்சை எவ்வளவு இறுக்கி அடைப்பது. சீக்கிரம் பிடித்துக்கொண்டார். நின்ஹைட்ரின் கலக்கும் அறைக்குள் மட்டும் காலெடுத்து வைக்கவில்லை. வராண்டாவில் பேசியதற்குப் பிறகு அவர் என்னிடம் வேலை சம்பந்தமில்லாத ஒரு வார்த்தை பேசியதும் இல்லை.

கடைசி நாள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். “மதினி, என் மேல கோவம் இருக்கும். திட்டணும்னா திட்டிருங்க. நான் போறேன்,” என்றேன். அவர் கரண்டியை எடுத்து அண்டாவின் ஓரத்தை வழித்துவிட்டார். அடுப்பைத் தணித்தார். அப்புறம்தான் நிமிர்ந்தார்.

“கோவம் இல்லாம இருக்குமாம்மா? வேல நெரந்தரமாகட்டும், அப்பறமாக் கோவிச்சுக்கிறேன்,” என்றார்.

ஈயின் செல் தன் விஷத்தைத் தானே சமாளிக்கும் விதத்தைக் கண்டுபிடித்ததற்காக எனக்கு டாக்டர் என்று பட்டம் கொடுத்தார்கள். வீட்டு வாசலில் அந்தப் பட்டம் போட்ட பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு யாராவது உடம்புக்கு முடியவில்லை என்று வந்து நின்றால், வேறு டாக்டரிடம் போகச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்ளும் அளவுக்கு அந்தப் படிப்பு எனக்குப் பயன்படுகிறது.